பழைய வீடும் பழைய மின்கம்பியும்

வேலை நிமித்தமாகத் தமிழகத்தை விட்டுச் சென்று கல்கத்தாவிலோ பம்பாயிலோ டில்லியிலோ பெங்களூரிலோ குடியமரும் நம்மவர், வீடு பார்க்குங்கால் தண்ணீர் வசதியை முதலில் விசாரிப்பர். காய்கறிக் கடையும் கோயிலும் எவ்வளவு தூரம் என்று கேட்பர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழியையும் கேட்டறிவர். சுவரில் ஓடும் மின்கம்பிக்கு வயது என்ன என்று கேட்பவரைக் காண்பது அரிது. குடிபுகுந்து சில திங்கள் கழிந்தபின், சுவிட்சு ஒன்று சூடேறுவதையோ, மழைநாளில் குழாயைத் தொட்டால் கை சுரீரென்பதையோ கண்டு எலெக்ட்ரீஷியனை அழைக்கிறார்கள். அவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்" என்பார். அன்றி, "இந்த ஒரு துண்டை மாற்றினால் போதும்" என்பார். இவ்விரண்டுக்குமிடையே செலவில் பெருத்த வேறுபாடு உண்டு, ஆபத்திலும் அவ்வாறே. எதை ஏற்பது? அக்கம்பி எந்தக் காலத்தில், எந்தத் தேவைக்காக, என்ன கணக்கின்பேரில் போடப்பட்டது என்னும் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வினா அத்துணைக் கடினமன்று. ஊர்ப்பெயர்களைப் பழைய வழக்கிலேயே சொல்லிச் செல்கிறேன். நாம் பேசப்போகும் வீடுகள் பலவும் அப்பெயர்கள் வழங்கிய நாளில் எழுந்தவையே.

இந்நாட்டு நகரங்களுக்கு மின்விளக்கு முதலில் ஒரு காட்சிப் பொருளாகவே வந்தது. 1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கல்கத்தாவில் அதை எரித்துக் காட்டினார்கள். அது வாணிபமாக மாற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1897-இல் உரிமம் பெற்று லண்டனில் பதிவான கம்பெனியொன்று, 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் மின்னாக்க நிலையம் அமைத்து வழங்கத் தொடங்கிற்று. அதே 1897-இல் டார்ஜிலிங்கிற்கு அருகிலுள்ள சித்ராபோங்கில் 130 கிலோவாட் நீர்மின் நிலையம் ஒன்று இயங்கலாயிற்று. பம்பாயில் 1905-இல் மின்வழங்கல் கம்பெனி தோன்றியது. 1907-இல் மின்சார டிராம் ஓடிற்று.

பெங்களூரின் கதையில் நமக்கு உரிமையுள்ள ஒரு பெயர் உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து மைசூர் அரசின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய சேஷாத்ரி ஐயர், சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு முன்நின்றார். 1902-இல் அம்மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குச் சென்றது; அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1905 ஆகஸ்டில் பெங்களூர் நகர வீதிகள் மின்னொளி பெற்றன. முதலில் பொன் தோண்டும் இயந்திரங்களுக்காகவும் பின்னரே வீட்டிற்காகவும் வந்த மின்சாரம் அது. விநாடிக்கு 25 சுற்று வீதம் அமைந்த அம்மின்னோட்டம் சுரங்க மோட்டார்களுக்கு ஏற்றதாயினும், விளக்கொளிக்கு அவ்வளவு இசைவானதன்று.

கல்கத்தாவில் முதலில் வழங்கியது டி.ஸி. எனப்படும் நேர் மின்னோட்டம். வீதியில் மூன்று கம்பிகள் ஓடும். இரு ஓரக் கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 450 வோல்ட்டு அழுத்தம். ஓரக் கம்பி ஒன்றுக்கும் நடுக் கம்பிக்கும் இடையே அதில் பாதி. வீடுகளை இரண்டு ஓரங்களிலும் பங்கிட்டு இணைத்தனர். வீட்டினுள் நுழையும் இரு கம்பிகளிலும் தனித்தனியே பியூஸ் வைப்பது அந்நாளைய வழக்கம். அன்றைய முறைக்கு அது பொருந்தியதே. பின்னர் வீதியில் மாறு மின்னோட்டம் படிப்படியாக வந்தது. வீதிக் கம்பி மாறியதேயன்றி வீட்டுப் பலகை பல இடங்களில் மாறவில்லை. ஆகவே நியூட்ரல் கம்பியிலும் ஒரு பியூஸ் நின்றுவிட்டது. இதனால் விளையும் தீங்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். நியூட்ரலிலுள்ள பியூஸ் எரிந்தால் விளக்கு அணைந்துவிடும், விசிறி நின்றுவிடும். வீட்டார் மின்சாரம் போயிற்று என எண்ணி ஹோல்டரைத் தொடுவர். மின்விசையோ மற்றக் கம்பி வழியாக வந்து அங்கே காத்து நிற்கும். இந்திய மின்சார விதிகள் 1956-இல் இதைத் தெளிவாகத் தடுத்தன. ஆயினும் விதி எழுதப்பட்டதனால் சுவரிலுள்ள பலகை தானாக மாறுவதில்லை. பழைய கட்டிடத்தில் மெயின் பலகையைத் திறந்து நோக்கி, இரண்டு பீங்கான் பியூஸ்கள் அருகருகே இருப்பின் அவற்றுள் ஒன்று எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

வானொலி நேயர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றும் இதனோடு சேர்ந்ததே. இருவகை மின்னோட்டத்திலும் பாடவல்ல 'ஏ.ஸி.-டி.ஸி.' வால்வுப் பெட்டிகள் பல வீடுகளில் இருந்தன. அவற்றில் உள்ளிரும்புச் சட்டம் மின்கம்பிகளுள் ஒன்றோடு நேரே இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுதும் மின்னேறும். திருகுகுமிழ் கழன்ற பெட்டியைத் தொட்டவர் கர்நாடக இசையோடு வேறோர் அதிர்வையும் பெற்றனர். இன்று அப்பெட்டிகளைப் பழம்பொருளாக வாங்கி அலங்கரிப்போர் இதனை மறத்தலாகாது.

இனி, கம்பி எவ்வாறு உடுத்தப்பட்டது என்பதைக் காண்போம். தொடக்கத்தில் செம்புக் கம்பியின்மீது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரைப் போர்த்து, அதன்மீது பருத்தி நூலால் பின்னி மெழுகூட்டினர். கந்தகம் செம்பை அரிக்குமாதலால் செம்பிற்கு ஈயம்பூசும் வழக்கமும் வந்தது. பழைய வயரைச் சீவிப் பார்க்கையில் உள்ளே வெள்ளிபோல் மின்னுவது அலுமினியம் அன்று, வெள்ளீயம் பூசிய செம்பு என்பதை எலெக்ட்ரீஷியன்களும் சிலவேளை அறிவதில்லை. இக்கம்பிகளை, இரண்டு பள்ளம் இழைத்த தேக்குப் பட்டையில் கிடத்தி மேலே மூடிப்பட்டை அறைந்தனர். 'கேஸிங்-கேப்பிங்' என்பது அதுதான். அதற்குப் பின் ரப்பர் மேலுறையும் சேர்ந்த வயரை, தேக்குப் பட்டையின்மீது கிளிப்பால் இறுக்கிச் செல்லும் 'பேட்டன்' முறை பரவிற்று. டில்லியில் 1950-களில் எழுந்த அரசுக் குடியிருப்புகளில் நம்மவர் பலரும் இப்பட்டை வரிசைகளைச் சுவரில் கண்டிருப்பர். வசதியுள்ள கட்டிடங்களில் இரும்புக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தினர். பி.வி.ஸி. பிளாஸ்டிக் உறை வந்தபின் ரப்பர் மெல்ல மெல்ல விடைபெற்றது.

ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெப்பமும் காற்றும் பட்டு அது இறுகும்; பிறகு வெடிக்கும்; கடைசியில் தொட்டால் உதிரும். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனை நம்புதல் தகாது. இதில் மக்களை ஏமாற்றும் ஒன்று உண்டு. சுவரின் நடுவில், பட்டைக்குள் வெயில் காணாது கிடந்த பகுதி இன்னும் மெத்தென்று வளையும். சுவிட்சுப் பலகையைத் திறந்து பார்ப்பவர் இதைக் கண்டு, "கம்பி நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிடுவார். குண்டு பல்பின் வெப்பத்தில் பல்லாண்டு வெந்த ஹோல்டரின் தலைப்பிலும், கூரையிலுள்ள ரோஸிலும் அதே கம்பி அப்பளமாக நொறுங்கும். சோதிப்பவர் அங்கேதான் முதலில் சோதிக்க வேண்டும். ரப்பர் வயரில் ஒரு துண்டை மட்டும் மாற்றுவது பயனற்றது மட்டுமன்று, தீங்கும் ஆகும். இணைப்புக்காக ஓரிடத்தில் அசைத்தால் அடுத்த அடியில் உறை வெடிக்கும். எனவே ரப்பர் வயர் உள்ள வீட்டில் எவ்வளவு மாற்றுவது என்ற கேள்விக்கே இடமில்லை. அனைத்தையும் மாற்ற வேண்டியதே.

அலுமினியம் வந்த வரலாறு வேறு. செம்பிற்கு நாம் வெளிநாட்டை எதிர்பார்த்திருந்தோம். 1960-களில் அன்னியச் செலாவணி அருகியிருந்தது. அலுமினியம் இங்கேயே கிடைத்தது. ஆகவே பி.வி.ஸி. உறையிட்ட அலுமினிய வயர் வீடுகளுக்குள் புகுந்தது. நாட்டு நெருக்கடி வீட்டுச் சுவருக்குள் பதிவாகிய சான்று இது. ஒரே பருமனில் செம்பு கடத்துவதில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டையே அலுமினியம் கடத்தும். இதைக் கணக்கிட்டுப் பருமனைக் கூட்டினால் போதும். தொல்லை இணைப்பில்தான். அலுமினியத்தின்மீது காற்றுப் பட்டவுடன் மின்சாரம் புகாத படலம் படியும். திருகின்கீழ் இறுக்கினால் அது நாளடைவில் நெகிழ்ந்து ஒதுங்கும். சூட்டில் பித்தளையைவிட மிகுதியாக விரியும், ஆறினால் சுருங்கும். திருகு தளரும், தளர்ந்த இடம் சூடேறும், சூடேறிய இடம் மேலும் தளரும். அத்தகைய வீட்டில் நடுக்கம்பி நலமாயிருக்க, முனைகள் கருகியிருப்பதைக் காணலாம். ஆகவே இங்கே முழுதும் பிடுங்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. விளக்குக்குச் செல்லும் கம்பிகளை விட்டு, முனைகளைப் புதிதாகச் சீவி, அதற்குரிய இணைப்பான் கொண்டு மீண்டும் இறுக்கலாம். செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. கீஸர், ஏர்-கண்டிஷனர், சமையலறை ஆகியவற்றின் கம்பிகளைச் செம்பாக மாற்றிவிடுதலே என் கருத்து.

இவ்வாறு பிரித்துச் சொல்வதற்கு அடிப்படை, பழைய வீட்டுக்குப் போட்ட மின்கணக்கு. அக்காலத்து மின்சாரம் 'விளக்கு-விசிறி' என்றும் 'பவர்' என்றும் இருகூறாக நின்றது. பல நகரங்களில் கட்டண விகிதமும் மீட்டருமே வேறு. ஐந்து ஆம்பியர் பிளக்கும் பதினைந்து ஆம்பியர் பிளக்கும் இன்றும் நம் சுவரில் அருகருகே நிற்பது அப்பிரிவினையின் அடையாளம். இந்தியத் தர நிறுவனத்தின் வயரிங் நெறிமுறை, விளக்கு-விசிறிச் சுற்று ஒன்றில் பத்துப் புள்ளிகளுக்கு மேலாகாது, மொத்தம் 800 வாட்டைத் தாண்டலாகாது என்று வகுத்தது. அறைக்கு இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஏதேனும் ஒரு ரேடியோ என்றிருந்த வாழ்க்கைக்கு அது தாராளமே. மூன்றிழை, 22-ஆம் எண் செம்புக் கம்பி அதற்குப் போதுமாயிருந்தது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். அக்கம்பியில் இன்று 2,000 வாட் கீஸரை மாட்டினால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஓடும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. அச்சூட்டை ஆற்ற வழியின்றி மரப்பட்டைக்குள் மூடிவைத்திருக்கிறோம் என்பதை நினைவில் கொள்க.

ஆயின் வரலாறு மறுபக்கமும் சாய்கிறது. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிகிறது; 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்திற்குப் பின் இது ஏழை வீடுகளிலும் பரவிற்று. ஆகவே 1980-களில் போட்ட பி.வி.ஸி. செம்புக் கம்பி, விளக்குச் சுற்றில் அது பிறந்த நாளில் சுமந்ததைவிடக் குறைவாகவே இன்று சுமக்கிறது. வெப்பமும் ஹோல்டரில் தங்குவதில்லை. உறை கெடாதிருப்பின் அக்கம்பியைப் பிடுங்கி எறிவது பணத்தை வீணாக்குவதே ஆகும். முழு வீட்டையும் மாற்றச் சொல்லும் மதிப்பீட்டில் பாதிக்குப் பாதி இவ்விளக்குக் கம்பிகளுக்கே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தைப் பவர் சுற்றுகளுக்குத் திருப்புவது மேல்.

இவ்வளவு தெரிந்தும் பழைய கம்பிகள் இத்தனை நாள் நிலைத்ததன் காரணம் அறியாமை மட்டுமன்று; வாடகைச் சட்டமும் காரணம். 1896-இல் தோன்றிய பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு, மாதுங்கா, தாதர் பகுதிகளைத் திட்டமிட்டு அமைத்தது. பின்னர் அங்கெழுந்த கட்டிடங்களில் தென்னாட்டவர் திரளாகக் குடியேறினர். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையை அளவுகோலாக வைத்து உறையச் செய்தது. குடியிருப்போர்க்கு அது பெரும் காவலாயிற்று. நம் குடும்பங்கள் பலவும் அந்நிழலில்தான் பம்பாயில் தலையெடுத்தன. அதே வேளையில், கிடைக்கும் சொற்ப வாடகையில் சுவரைப் பிரித்துக் கம்பி மாற்ற வீட்டுக்காரர்க்கு மனம் இல்லை. தமக்குச் சொந்தமல்லாத சுவரில் பணம் போடக் குடியிருப்பவர்க்கும் மனம் இல்லை. 'பகடி' கொடுத்து உள்ளே வந்தவர், பழைய கம்பியை அப்படியே விட்டு, அதன்மீது தமக்கு வேண்டிய புதுக் கம்பியை ஓட்டினார். அவர் மகன் அதன்மேல் இன்னொன்றை ஓட்டினார். ஒரே சுவரில் மூன்று தலைமுறைக் கம்பிகள் அடுக்கடுக்காய்க் கிடப்பது இவ்வாறுதான். எது உயிருள்ளது, எது செத்தது என்று எவர்க்கும் தெரியாது. 1958-இன் டில்லி வாடகைச் சட்டத்தின் கீழும் வங்காளத்திலும் இதே கதையைச் சிறு மாறுதல்களோடு காணலாம்.

இவற்றினும் மோசமானது மாடிப்படியின் கீழுள்ள மீட்டர் அறை. அது ஒருவர்க்கும் உரியதன்று என்பதால் ஒருவரும் அதைத் திறப்பதில்லை. நுகர்வோரின் முதல் பியூஸின் நுழைமுனை வரை வழங்குவோர் பொறுப்பு, அதற்கப்பால் நுகர்வோர் பொறுப்பு என்று 1956 விதிகள் எல்லை வகுத்தன. வீட்டினுள் தங்கம்போல் புதுக்கம்பி போட்டுவிட்டு, மீட்டரிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறும் பழங்கம்பியை மறந்தவர் பலர். அத்துணைச் சுமையும் அந்த ஒரு கம்பியின் வழியே அல்லவா வரவேண்டும்? எவ்வளவு மாற்றுவது என்ற கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும். அண்டை வீட்டாரோடு பேசிப் பொதுச் செலவாக்கினால் சுமை குறையும். பேசுவதுதான் கடினம் என்பதையும் அறிவேன்.

எர்த் எனப்படும் நிலத்தொடர்பைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பழைய வீடுகளில் விளக்குப் பலகைக்கு இரண்டே கம்பிகள் வந்தன. ஐந்து ஆம்பியர் பிளக்கும் இரண்டு துளையுடையதே. இரும்பு உடல் கொண்ட பெட்டியோ சலவை இயந்திரமோ அந்நாளில் இல்லை. பின்னர் மூன்று துளைப் பிளக்கு வந்தபோது, மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமல் வைத்துவிட்ட இடங்கள் எண்ணற்றவை. சிலர் நியூட்ரலையே அத்துளையில் கட்டிவிடுவர். அது கொலைக்கு ஒப்பான செயல். இரும்புக் குழாய் வயரிங்கில் குழாயே எர்த்தாகப் பயன்பட்டது. துரு ஏறிய மூட்டுகளில் அத்தொடர்பு அற்றுப்போயிருக்கும். கம்பி எவ்வளவு நல்லதாயினும் எர்த் இல்லாத சமையலறையும் குளியலறையும் மாற்றத்திற்குரியவையே.

ஊகத்தை விட்டு அளந்து பார்க்கவும் வழியுண்டு. 500 வோல்ட்டில் உறையின் தடையைக் காட்டும் 'மெக்கர்' கருவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே வழக்கிலுள்ளது. ஐம்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மெகோமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வீடு முழுமைக்கும் ஒரு மெகோமுக்கு மேல் கட்டாயமில்லை. இருபத்தைந்து புள்ளிகள் கொண்ட சுற்றுக்கு இரண்டு மெகோம் என்பது கணக்கு. இச்சோதனையை மழைக்காலத்தில் செய்யச் சொல்லுங்கள். பம்பாயின் ஆடி மாதத்து ஈரத்தில் தேறும் கம்பி எப்போதும் தேறும். மார்கழியில் அளந்து மகிழ்வதில் பொருளில்லை. அளப்பதற்கு முன் விளக்கு, விசிறி, டெலிவிஷன் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும்.

முழுச் செலவுக்கு வழியில்லாதவர் எங்கே தொடங்குவது? ரப்பர் இல்லாத வீடாயின், மெயின் பலகையில் தொடங்கலாம். பீங்கான் பியூஸை நீக்கி எம்.ஸி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி.யும் வைத்தல் முதற்பணி. எர்த் இல்லாத சுற்றிலும் பின்னது உயிரைக் காக்கவல்லது. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு வேறுபாடு கண்டால் அது விழும். பழைய வீடுகளில் அதை மாட்டிய மறுநாளே அடிக்கடி விழும். உறை கசிகிறது, அல்லது ஓர் அறையின் நியூட்ரலை மற்றோர் அறை இரவல் வாங்கியிருக்கிறது என்பதே அதற்குப் பொருள். சிலர் தொல்லையென்று கருவியைக் கழற்றச் சொல்வர். கம்பியின் நிலையைக் காசின்றிச் சொல்லும் சோதிடரை அடித்து விரட்டுவது போன்றது அது. எந்தச் சுற்றை இணைக்கும்போது விழுகிறதோ அதையே அடுத்து மாற்றுக.

அதன்பின் குளியலறையும் சமையலறையும். கீஸருக்கும் ஏர்-கண்டிஷனருக்கும் மெயின் பலகையிலிருந்து தனித்தனிச் செம்புக் கம்பி, தூரத்திற்கேற்ப 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டரில், எர்த்துடன் செல்லட்டும். வாடகை வீட்டில் சுவரை வெட்ட அனுமதி கிடையாதெனில் வருந்த வேண்டாம். பழைய மரப்பட்டையின் வழித்தோன்றலான பிளாஸ்டிக் பட்டையைச் சுவரின்மீதே ஓட்டலாம். பார்வைக்குச் சற்றுக் குறைவு. பழுது பார்க்க எளிது. இரும்புக் குழாய் உள்ள வீட்டில் பழைய கம்பியின் வாலில் புதுக்கம்பியைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம். துரு பிடித்து இழுபடாவிட்டால் வலிந்து இழுக்க வேண்டாம், உறை கிழியும்.

இவ்வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும் என்பது 1956 விதிகளிலிருந்து வரும் கட்டளை. அவ்விதிகளின் இடத்தை 2010-இலும் பின்னர் 2023-இலும் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் பெற்றன, இக்கட்டளை நிலைத்தது. மொழி தெரியாத ஊரில் நம்மூர்ப் பையன் ஒருவன் குறைந்த கூலிக்குச் செய்து தருவான் என்று எண்ணுவது இயல்பு. அவன் கைத்திறன் சிறந்ததாகவே இருக்கலாம். ஆயினும் அந்த மாநிலத்து உரிமம் உடையவரின் கையெழுத்திட்ட சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டின் மின்சுமையை உயர்த்தக் கோரும்போது வழங்குவோர் அதையே கேட்பர்.

புதுக்கம்பி போட்டபின் சுவரில் தங்கிவிட்ட பழைய கம்பிகளை இரு முனையிலும் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு முனை மட்டும் அற்ற கம்பியில் என்றோ ஒருநாள் ஆணி அடிப்பவர்க்கு ஆபத்து. கழற்றி எடுத்த செம்பை எடைக்குக் கேட்பார்கள். அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்வது முன்கூட்டியே பேசவேண்டிய விஷயம்.